கும்பகோணத்து ஆக்டிங் டிரைவர் சேவை: சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தைப் பார்க்கிற இடம்

கும்பகோணம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு மாடிப்படியின் கீழ் அமைந்த சிறிய அறையில் நடக்கும் ஆக்டிங் டிரைவர் சேவையை, பாபநாசத்தில் வசிக்கும் நான் கடந்த 14 மாதங்களில் 19 முறை பயன்படுத்தியிருக்கிறேன். சொந்தக் கார் இருந்தும் தானே ஓட்ட முடியாதவர்கள் ஒரு நாளுக்கோ ஒரு பயணத்துக்கோ ஓட்டுநரை மட்டும் கூலிக்கு அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. எனக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய்க்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகு, மாலை மங்கினால் எதிரே வரும் விளக்கின் ஒளி கண்ணாடி முழுவதும் பரவித் தெரிவதால், உள்ளூர்க் கடைத்தெருவுக்கு மேல் நானே ஓட்டுவதை விட்டுவிட்டேன். இந்தச் சேவையை நடத்தும் அம்மையார் தம் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இருப்பவர்கள் தங்கள் ஊரில் ஓட்டுநர் அனுப்புகிறவரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்பட்டால் போதும்.

முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் தொலைபேசியில் அழைக்க வேண்டும். என்ன வண்டி, கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா, எந்த வழி, எத்தனை இடத்தில் நிற்க வேண்டும், திரும்ப எத்தனை மணியாகும் என்று வரிசையாகக் கேட்டு ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். முதல் முறை அழைத்தபோது என் வண்டியின் பதிவுச் சான்றையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும் வரை ஓட்டுநரை உறுதி செய்யவில்லை. பயண நாளன்று காலை ஐந்தரை மணியளவில் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வருகின்றன. ஒன்று ஓட்டுநரின் புகைப்படம். மற்றொன்று, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அவருடைய உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து அன்று காலை திறந்த பக்கத்தின் படம். பிறந்த தேதி கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருக்கும். டி.என். 68 என்றோ டி.என். 49 என்றோ தொடங்கும் உரிம எண்ணும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும், உரிமத்தின் தற்போதைய நிலை 'ஆக்டிவ்' என்ற சொல்லும் தெரியும். இப்படிப் படம் அனுப்புவதற்கு ஒவ்வொரு ஓட்டுநரிடமும் வேலைக்குச் சேரும்போதே எழுத்துமூலம் சம்மதம் வாங்கி வைத்திருப்பதாக அம்மையார் கூறினார். அந்தத் தாள்களை நானும் பார்த்தேன்.

இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அந்த இரண்டாவது படம்தான். பிளாஸ்டிக் அட்டையில் வழங்கிய நாளும் காலாவதியாகும் நாளும் அச்சாகியிருக்கின்றன. இடையில் மூன்று மாதத்துக்கு உரிமம் தற்காலிகமாக ரத்து செய்யப்பட்டிருந்தால், அதை அட்டையைக் கண்ணால் பார்த்து அறிய வழியே இல்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாலையோரத்தில் நின்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தை மாதம் அது. பொங்கலுக்கு வந்திருந்த மகனும் மருமகளும் பேத்தியும் சிங்கப்பூர் திரும்ப வேண்டும். திருச்சியிலிருந்து நள்ளிரவைத் தாண்டிப் புறப்படும் விமானம். மகனுடைய இந்திய உரிமம் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேறோர் இடத்தில் ஆக்டிங் டிரைவர் கேட்டேன். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை அவர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். வந்தவர் நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பார், மரியாதையான மனிதர். உரிமத்தைக் காட்டுங்கள் தம்பி என்று கேட்டேன். உறையிட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். புகைப்படம் அவருடையதுதான், காலாவதி ஆண்டு 2031 என்றிருந்தது. அது அச்சு அசலாக இருந்த வண்ண நகல் என்பது என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஏழு மணிக்குப் புறப்பட்டோம். சம்பா அறுவடைக் காலம் என்பதால் ஊருக்கு ஊர் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்திருந்தார்கள். அறுவடை இயந்திரங்கள் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு விளக்கில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் அவர் பொறுமையாகவும் திறமையாகவும் கடந்தார் என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

தஞ்சாவூருக்குச் சற்று முன்பாக வாகனத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் உரிம எண்ணைத் தம் கையிலிருந்த கருவியில் பதிந்தார். திரையைப் பார்த்துவிட்டு ஓட்டுநரை வண்டியைவிட்டு இறங்கச் சொன்னார். போனில் பேசியபடி ஓட்டியதற்காக அவருடைய உரிமம் மூன்று மாதத்துக்கு ரத்து செய்யப்பட்டிருந்தது; அன்று ஏழாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அவர் எதையும் மறுக்கவில்லை. வண்டியின் முன்பக்க விளக்கு வெளிச்சத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "முதலாளிக்குத் தெரியும் சார். சும்மா போயிட்டு வா, ராத்திரியில யாரு பாக்கப் போறான்னு அவர்தான் அனுப்பினாரு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த முதலாளியை அங்கேயே அழைத்தேன். "எல்லாரும் ஓட்டறதுதான் சார். மூணு மாசம் வேலையில்லாம அவன் எப்படி இருப்பான்?" என்றார். அடுத்த அழைப்பை அவர் எடுக்கவில்லை.

ஓட்டுநருக்கு 10,000 ரூபாய்க்கும், வண்டியின் உரிமையாளராகிய எனக்கு 5,000 ரூபாய்க்கும் இ-சலான் போடப்பட்டது. செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டியைப் பிடித்து வைக்கவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 207-ஆம் பிரிவில் இடம் உண்டு. வயதானவர், குழந்தை, விமானம் என்ற நிலைமையைப் பார்த்து அவர்கள் அந்த எல்லைக்குப் போகவில்லை. ஆனால் வண்டியை ஓட்ட ஆளில்லை. பேத்தி பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து வாடகைக் கார் வந்தது. விமான நிலையத்தில் பயணப் பதிவு முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்ததாக மகன் பிறகு சொன்னான். நான் பக்கத்து வீட்டுத் தம்பி பேருந்தில் வந்து சேரும் வரை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்த ஓட்டுநரும் போகாமல் கூடவே இருந்தார். அன்றைய கூலி 900 ரூபாயை அவர் வாங்க மறுத்தார். சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஏறக்குறைய 11 நாள் கூலி.

அந்த இரவுக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் தொடர்புடைய பிரிவுகளை ஒரு வழக்கறிஞர் நண்பரின் உதவியுடன் உட்கார்ந்து படித்தேன். ஓட்டுநரை அழைக்கும் கார் உரிமையாளர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் அவற்றில் உள்ளன; இந்தச் சேவையின் மதிப்பும் அவற்றை அறிந்தால்தான் விளங்கும்.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமமே இல்லாமல் ஓட்டியவருக்கும் (181-ஆம் பிரிவு), தகுதி நீக்கம் செய்யப்பட்ட காலத்தில், அதாவது இப்படி உரிமம் தற்காலிகமாக ரத்தான காலத்தில், ஓட்டியவருக்கும் (182-ஆம் பிரிவு) ஒரே அளவுத் தண்டனைதான் இருந்தது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் முதலாவதை 5,000 ஆகவும் இரண்டாவதை 10,000 ஆகவும் உயர்த்தியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஓட்டாதே என்று ஆணை பெற்ற பிறகும் ஓட்டுவது, உரிமம் எடுக்காமல் ஓட்டுவதைவிடக் கனமான குற்றம் என்று இந்தச் சட்டம் வேறுபடுத்தியது 2019 திருத்தத்தில்தான். அந்த வேறுபாடு சரியானது என்றே கருதுகிறேன். ஆணையை அறிந்தே மீறுகிறவர், தம் உயிரோடு பின்னிருக்கையில் இருப்பவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார். சிறைத் தண்டனை மட்டும் அதே மூன்று மாதமாகவே நீடிக்கிறது. கடுமை முழுவதும் பணத்தில்தான் கூடியிருக்கிறது.

என்னை உறுத்தியது வேறொன்று. தகுந்த உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு அல்லது வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு 180-ஆம் பிரிவு தண்டனை சொல்கிறது. 2019-க்கு முன் அந்த அபராதம் 1,000 ரூபாய் வரை. அதாவது ஓட்டுநருக்கு விதித்ததைப் போல் இரண்டு மடங்கு. இப்போது அது 5,000. ஓட்டுநருக்கு விதிப்பதில் பாதி. கூலிக்கு ஓட்டுகிறவர் பக்கம் பாரம் சாய்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ரத்து செய்யப்பட்டதை அறிந்தும் ஆளை அனுப்பிக் கமிஷன் பெற்றவர் வண்டியின் உரிமையாளரும் இல்லை, வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் இல்லை. எனவே, தகுந்த உரிமம் இல்லாதவரை உரிமையாளர் ஓட்ட விடக் கூடாது என்ற 5-ஆம் பிரிவின் கடமையும் 180-ஆம் பிரிவின் தண்டனையும், நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், அவரைத் தொடவே இல்லை. அன்றிரவு நடந்த குற்றத்தில் மூன்று பேருக்குப் பங்கிருந்தது. விஷயம் தெரிந்திருந்த இருவரில் ஒருவர் 10,000 கட்டினார், தெரியாத நான் 5,000 கட்டினேன், அனுப்பியவர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. தண்டனையை மேலும் கடுமையாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்த மூன்றாமவரைச் சட்டத்தின் வாசகத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

இந்தத் தண்டனைகளைப் பற்றிச் சொன்னபோது, சிங்கப்பூரில் தகுதி நீக்கக் காலத்தில் வண்டி ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு, வண்டியையே பறிமுதல் செய்யவும் முடியும் என்று மகன் சொன்னான். அங்கே ஓட்டுநர் வேலை பார்க்கும் நம் பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடமாகத் தெரியும். அதே பிள்ளைகள் ஊருக்கு வந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

உரிமம் எதற்கெல்லாம் ரத்தாகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது கைபேசி, சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்குமாறு 2015-இல் மாநிலங்களை அறிவுறுத்தியது. கடைசி இரண்டும் நம் பகுதிக்கென்றே எழுதியவை போலிருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களைக் குட்டியானையில் நிற்கவைத்து ஏற்றிச்செல்வதும், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டைகளை அளவுக்கு மேல் அடுக்கிக்கொண்டு போவதும் இங்கே அன்றாடம் காண்பவை. இவற்றுக்காக உரிமம் இழந்த ஓட்டுநர்கள் அந்த மூன்று மாதத்தில் பிழைப்புக்கு வருவது பெரும்பாலும் ஆக்டிங் டிரைவர் வேலைக்குத்தான். வண்டி அவருடையது இல்லை, பாதையும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், கூலியோ அன்றன்றைக்குக் கையில் கிடைக்கும். ஆகவே மற்றவர்களைவிட இந்தத் தொழிலை நடத்துகிறவர்கள்தான் உரிமத்தின் நிலையை அதிகம் கவனிக்க வேண்டியவர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் அந்த வாரத்தில்தான் முதல் வரியிலிருந்து படித்தேன். ஓட்டுகிறவர் விபத்து நேரத்தில் செல்லத்தக்க உரிமம் வைத்திருக்க வேண்டும், உரிமம் வைத்திருக்கவோ பெறவோ தகுதி நீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினரை இந்தக் காரணம் காட்டி நிறுவனம் எளிதில் கைவிட முடியாது. உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கவில்லை என்று அது நிரூபிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டு ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடவும் கூடும். 2013-இல் பெப்சு போக்குவரத்துக் கழக வழக்கில், ஓட்டுநரை வேலைக்கு வைப்பவர் உரிமத்தைப் பார்த்து, அவர் ஓட்டும் திறனிலும் நிறைவடைந்தால் போதும், உரிமம் உண்மையானதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் விசாரிக்க வேண்டியதில்லை என்று சொல்லப்பட்டது. கைபேசியில் அரை நிமிடத்தில் பார்க்க முடிகிற இக்காலத்தில், அட்டையைப் பார்த்தேன் என்ற விடை எவ்வளவு நாளைக்குச் செல்லும் என்று எனக்கு ஐயம் உண்டு. பேத்தி பின்னிருக்கையில் இருக்கும்போது, தீர்ப்பில் தப்பித்துக்கொள்வதற்கான கவனம் எனக்குப் போதாது.

மீண்டும் சேவைக்கு வருகிறேன். காலைப் படம் வெறும் சடங்கு இல்லை என்பதை ஐந்தாவது பயணத்தில் கண்டேன். ஆறு மணிக்கு வர வேண்டிய ஓட்டுநர் வரவில்லை. உரிமத்தின் காலம் முந்தைய நாளே முடிந்துவிட்டதாகத் திரையில் தெரிந்ததால் அவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அனுப்புவதாக அம்மையாரே அழைத்துச் சொன்னார். காலாவதியான பிறகும் 30 நாள் உரிமம் செல்லும் என்ற பழைய சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. பல ஓட்டுநர்களுக்கு இன்னும் இது தெரியாது. மாற்று ஓட்டுநர் 40 நிமிடம் தாமதமாக வந்தார். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இதைவிட என் மனத்தில் நின்றது, முன்பணம் கொடுக்க நேரில் போன ஒரு நாளில் பார்த்தது. அந்தச் சிறிய அறையில், நான் வழக்கமாகச் சந்திக்கும் ஓட்டுநர்களில் ஒருவர் தொலைபேசி அழைப்புகளை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வா என்று கேட்டேன். மூன்று மாதம் ரத்து என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னார். அடுத்தவர் வண்டியைச் சென்னைக்கு ஓட்டிப்போனபோது சிவப்பு விளக்கைத் தாண்டிய வழக்கு. ஆணை எல்லா வகை வாகனங்களுக்கும் பொருந்துவதால், சுவாமிமலையிலிருந்து தம் இருசக்கர வாகனத்தைக்கூட எடுக்காமல் நகரப் பேருந்தில் வந்துபோகிறார். அந்தக் காலம் முழுவதும் தொலைபேசி எடுக்கவும் கணக்கெழுதவும் நாளுக்கு 350 ரூபாய் கொடுத்து அவரை அம்மையார் வைத்திருந்தார். "வெளிய அனுப்பினா எங்கயாவது போய் ஓட்டிருவாங்கய்யா. அவன் மாட்டினா அவன் குடும்பம், மோதினா யாரு குடும்பமோ" என்றார். ஆணை தவறு என்று தோன்றினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும், ரத்துக் காலத்தில் சட்டப்படி முடிக்க வேண்டிய புத்தாக்கப் பயிற்சியைப் பற்றியும் ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். முழு நாள் கூலி வாங்கிவந்தவருக்கு 350 ரூபாயில் குடும்பம் நடத்துவது கடினம்தான். ஆனாலும் அவர் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளும் சக்கரத்தின் பின்னால் உட்காரவில்லை. பத்தாயிரம் ரூபாய் அபராதம் செய்ய முடியாததை அந்த 350 ரூபாய் செய்தது.

ஓட்டுகிற தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக ஓட்டுகிறார்கள். வண்டியில் ஏறியதும் கைபேசியை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுவது இவர்களுடைய கட்டாய விதி. அழைப்பு வந்தால் ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி நின்று பேசிவிட்டு வருகிறார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு முறை வெகுநேரம் நிற்க நேர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் ஏறி எதிர்த்திசைச் சாலையை அடைத்துக்கொண்டன. எங்கள் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தம் வரிசையிலேயே இருந்தார். கேட் திறந்ததும் இரு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றபோதும் ஹாரனை அழுத்தவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டிய, தடுப்புச் சுவர் இல்லாத சாலைகளில் எதிரே வைக்கோல் வண்டி வந்தால் முன்கூட்டியே அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்கிறார்கள். இறங்கும்போது பயணத் தூரத்தையும் பெட்ரோல் அளவையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

குறைகளும் உண்டு. பகல் பத்து மணி நேரத்துக்கு 1,100 ரூபாய் வாங்குகிறார்கள். மற்ற இடங்களைவிட 200 ரூபாய் அதிகம், சாப்பாடு தனி. முகூர்த்த நாள்களில் ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னாலும் ஆள் கிடைப்பதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் பழகியவர்கள் இருவர்தான். என் வண்டி கியர் வண்டி என்பதால் எனக்குச் சிக்கல் இல்லை, பலருக்கு இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் புறப்படும் பயணத்தை ஏற்பதில்லை. திருச்சி விமான நிலையத்துக்குப் பின்னிரவில் போக வேண்டியவர்கள் மாலையிலேயே கிளம்பிப் போய் அங்கே காத்திருக்க வேண்டும். விடியற்காலை இணையம் வேலை செய்யாத ஒரு நாளில் படம் வர ஏழு மணி ஆகிவிட்டது. இனிமேல் முந்தைய நாள் இரவே ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, காலையில் மீண்டும் பார்க்கலாம் என்று அம்மையாரிடம் சொன்னேன். இப்போது அப்படியே செய்கிறார்கள். முன்பணம் 300 ரூபாயைப் பயணம் ரத்தானால் திருப்பித் தருவதில்லை. மருத்துவமனைக்காக அழைப்பவர்களுக்கு மட்டுமாவது இதைத் தளர்த்த வேண்டும். நோயாளியின் நிலை நம் கையில் இல்லை என்று இருமுறை சொல்லியும் அவர்கள் இன்னும் இணங்கவில்லை.

அழைக்க நினைப்பவர்கள் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று மூன்றையும் கைபேசியில் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. வேறு ஊரில் வேறு சேவையை அழைப்பவர்கள் ஓட்டுநரிடமே உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டு, அவர் முன்னிலையிலேயே பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். நேர்மையான ஓட்டுநர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. என்னிடம் இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

வரும் வியாழக்கிழமை மனைவியின் மருத்துவப் பரிசோதனைக்காகத் திருச்சி போக வேண்டும். புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு அழைத்துச் சொல்வேன். வியாழன் விடியற்காலை அந்தப் படம் வந்த பிறகு, கூடத்து ஆணியில் தொங்கும் சாவியை எடுப்பேன்.